பெட்டியடி: லோன் கம்பெனி வக்கீல் யாருக்கு வக்கீல்?

லோன் கம்பெனிக்குள்ளயே லீகல் டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கே, அது என்ன பண்ணுது, அதால நமக்கு லாபமா நஷ்டமான்னு வாசகர்கள்ட்ட கேள்வி கேட்டிருந்தோம். சுத்துவட்டாரத்துல இருந்து நெறைய வந்துச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணாச் சேத்துட்டோம், பேரு வேணாம்னவங்களுக்கு ஊரு மட்டும் போட்டுருக்கோம். பதில் சொல்றவர் ஃபைனான்ஸ் கம்பெனி லீகல் டீம்ல பல வருஷம் இருந்துட்டு இப்ப காரைக்குடியில செட்டில் ஆனவர்.

சட்டக் கல்லூரி மாணவி, காரைக்குடி: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு கன்ஸ்யூமர் ஃபைனான்ஸ் கம்பெனி வருதுன்னு சொல்றாங்க. அங்க சேந்தா கோர்ட்டுக்கே போக முடியாதுன்னு சீனியர்ஸ் பயமுறுத்துறாங்க. அப்ப நாள் பூரா என்னதான் சார் வேலை?

கோர்ட்டுல வாதாட முடியாதுங்கறது நெசம்தாம்மா. பார் கவுன்சில் விதி 49 படி முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு கம்பெனில சேந்துட்டா அந்த வேலைல இருக்கற வரைக்கும் வக்கீலா பிராக்டீஸ் பண்ணக்கூடாது, பார் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்துட்டு என்ரோல்மென்ட்ட நிறுத்தி வைக்கணும். கேஸுன்னு வந்தா கம்பெனி பட்டியல்ல வச்சிருக்கற வெளி வக்கீல், அதாவது பேனல் வக்கீல்தான் நிப்பாரு, நீங்க அவருக்கு ஃபைல் விவரம் எடுத்துக் குடுக்கணும், சில சமயம் கம்பெனி சார்பா சாட்சி சொல்லப் போகணும். இன்னொரு சங்கதி, 2025 அக்டோபர் கடைசில சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிருச்சுன்னா, வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கிட்டதுக்கு பாரதிய சாக்ஷ்ய சட்டம் (புது சாட்சியச் சட்டம்) 132-ம் பிரிவுல கிடைக்கிற பாதுகாப்பு சம்பளத்துக்கு இருக்கற இன்-ஹவுஸ் ஆளுக்குக் கெடையாது, 134-ம் பிரிவுல கொஞ்சம் இருக்கு, அவ்ளோதான்னு. அதனால ஆபீஸ் மெயில்ல என்ன எழுதுறோம்னு யோசிச்சு எழுதுற பழக்கம் மொத நாள்லயே வரணும்.

சரி, வேலை என்னன்னு கேட்டீங்க. தீபாவளிக்கு செக்காலை ரோட்டுல ஒரு கடையில ஒருத்தர் ஃப்ரிட்ஜ் எடுக்குறாரு, கையில காசில்ல, அங்கயே மேஜை போட்டு உக்காந்திருக்கற பையன் "சார் ஆதார் பான் குடுங்க, ஓடிபி சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல லோன்"னு முடிச்சுடுறான், நம்மாளு ஃப்ரிட்ஜத் தூக்கிட்டுப் போயிடுறாரு. அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் பின்னாடி லீகல் டீம் பல மாசம் உக்காந்து பார்த்த காகிதம் இருக்கு. அக்ரிமென்ட் அவங்க எழுதுனது. கடைக்காரரோட கம்பெனி போட்ட ஒப்பந்தம், அந்தப் பையனச் சப்ளை பண்ற ஏஜென்சியோட ஒப்பந்தம், போன்ல வந்த ஓடிபி கையெழுத்துக்குச் சமமான்னு ஒரு நோட்டு, "வட்டியே இல்ல"ன்னு போர்டு வச்சா பிராசஸிங் ஃபீஸ அதுல எங்க காட்டணும்னு ஒரு சண்டை, எல்லாம் அவங்கதான். 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் தனிநபருக்குக் குடுக்கற எல்லா ரீட்டெயில் டெர்ம் லோனுக்கும் கேஎஃப்எஸ்னு (கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்) ஒரு தாள் குடுக்கணும், வருஷத்துக்கு எல்லாச் செலவும் சேத்து எவ்ளோ பர்சன்ட் ஆகுதுன்னு ஏபிஆர் போடணும், கடன் வாங்குறவருக்குப் புரியுற பாஷையில இருக்கணும், அதுல போடாத சார்ஜ அவரு தெளிவா சம்மதிக்காம நடுவுல நுழைக்க முடியாது. ஏழு நாளோ அதுக்கு மேலயோ உள்ள லோன்னா அந்தத் தாள் குறைஞ்சது மூணு வேலை நாள் செல்லுபடியாகணும், அதாவது வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வந்து அதே ரேட்டுல வாங்கிக்கலாம். இது கடையில நிக்கற எத்தனை பேருக்குத் தெரியும்னு கேக்காதீங்க.

இதுல கஷ்டமான பகுதி டிராஃப்டிங் கிடையாது, அத ஆறு மாசத்துல யாரும் கத்துக்கலாம். சேல்ஸ் ஹெட்டும் கலெக்‌ஷன் ஹெட்டும் எதிர்ல உக்காந்து "போட்டிக் கம்பெனி எல்லாம் பண்றான், நீ மட்டும் ஏன் முடியாதுங்கற"ன்னு கேக்குறப்ப முடியாதுன்னு சொல்லி, அதுக்குப் பதிலா எப்படிப் பண்ணா முடியும்னும் சேத்துச் சொல்றதுதான் கஷ்டம். வெறும் முடியாது மட்டும் சொல்ற லீகல் ஆள அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டாங்க, எல்லாத்துக்கும் சரிங்கற ஆளு இருந்தா கம்பெனிக்கு ஆர்பிஐ அபராதம் போடும். உதாரணத்துக்கு அபராத வட்டி. இஎம்ஐ தவறுனா அதுக்குப் போடுறத வட்டியா போட்டு அந்த வட்டிக்கும் வட்டி ஏத்துறது பல எடத்துல வழக்கமா இருந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ அத பீனல் சார்ஜா, அதாவது அபராதக் கட்டணமா மட்டும்தான் வாங்கணும், அசலோட சேத்து வட்டி ஏத்தக்கூடாதுன்னு சொல்லி, புது லோனுக்கு 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. ஒரு வரி சர்க்குலர்னு நெனப்பீங்க. அதுக்காக அத்தனை அக்ரிமென்ட்டையும் திருத்தி, சாஃப்ட்வேர்காரன்ட்ட மல்லுக்கட்டி, பழைய கஸ்டமருக்கெல்லாம் கடிதாசி அனுப்புற வேலை எந்த டிபார்ட்மென்ட் தலைல விழுந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

சேருங்கம்மா. ரெண்டு மூணு வருஷம் வெளில சிவில் கோர்ட்டு பார்த்துட்டு அப்புறம் சேந்தா இன்னும் நல்லதுங்கறது என்னோட அபிப்பிராயம், நீங்க போடுற ஷரத்து கோர்ட்ல எப்படி அடி வாங்கும்னு கண்ணால பார்த்திருப்பீங்க.

வாசகர், கானாடுகாத்தான்: எங்க பூர்வீக வீட்டுல எனக்கு ஒரு பங்கு இருக்கு. வீடு பெருசு, மதிப்பு கோடிக்கு மேல போகும். தொழிலுக்கு 15 லட்சம் லோன் கேட்டேன், "லீகல் ஒப்பீனியன் நெகட்டிவ்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. யாரோ மெட்ராஸ் வக்கீலுக்கு எங்க வளவு பத்தி என்ன தெரியும்?

ஐயா கோவிச்சுக்காதீங்க, அந்த மெட்ராஸ் வக்கீலுக்கு உங்க வளவு பத்தித் தெரியாமத்தான் இருக்கும், ஆனா பங்கு வீடு பத்தி நல்லாவே தெரிஞ்சிருக்கு.

நம்ம பக்கத்து வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முகப்பு, பட்டாலை, ரெண்டாங்கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், தாத்தா காலத்துல ஒருத்தர் பேருல இருந்தது இப்ப எத்தனை புள்ளியோ (தனித்தனிக் குடும்பமோ), அதுல பாதிப்பேர் மலேசியா சிங்கப்பூர்னு இருப்பாங்க, சாவி மட்டும் ஊருல இருக்கற ஒரு பங்காளிகிட்ட. இந்தக் காகிதத்த கம்பெனி பேனல் வக்கீலுக்கு அனுப்பும், அவரு மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், வாரிசு சர்டிஃபிகேட்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் பார்த்து ஒப்பீனியன் குடுப்பாரு, உள்ள இருக்கற லீகல் ஆளு அதைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு: நாளைக்கு இவரு கட்டலன்னா இத வித்து காச எடுக்க முடியுமா?

இங்கதான் மாட்டுது. பிரிக்காத பங்க அடமானம் வைக்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லல, வைக்கலாம். ஆனா ஏலத்துல எடுக்கறவருக்கு என்ன கிடைக்கும்? சொத்து மாற்றுச் சட்டம் 44-ம் பிரிவு, கூட்டுக் குடும்பம் குடியிருக்கற வீட்டுல வெளியாளு ஒருத்தர் பங்கு வாங்குனா அவரு உள்ள வந்து சேந்து குடியிருக்க உரிமை இல்லன்னு சொல்லுது. சரி, பாகம் பிரிச்சுக் குடுங்கன்னு கேஸ் போட்டா, 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ம் பிரிவு வச்சு பங்காளிங்க "அந்தப் பங்க நாங்களே வாங்கிக்கறோம், கோர்ட்டு விலை வைக்கட்டும்"னு கேக்கலாம். அப்ப அந்த வீட்டு மேல ஏலம் கேக்க எவன் வருவான்? கோடி ரூபா வீடு, ஏலத்துல ஆளே இல்ல. வீட்டு மதிப்பு கொறைச்சல்னு யாரும் சொல்லல, அவங்க கைக்கு வராதுங்கறதுதான் அந்த நெகட்டிவ்.

இதுல பொம்பளப் புள்ளைங்க பங்கு வேற. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 1989-ல தமிழ்நாடு திருத்தம், அப்புறம் 2005-ல மத்திய அரசு திருத்தம், ரெண்டுக்கும் அப்புறம் கட்டிக்குடுத்த பெண்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்கு இருக்கு, 2020-ல சுப்ரீம் கோர்ட்டு 2005 திருத்தம் வந்தப்ப அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கற குழப்பத்தையும் முடிச்சு வச்சுருச்சு. உங்க வாரிசுப் பட்டியல்ல அத்தை, அக்கா பேரு விட்டுப்போயிருந்தா ஒப்பீனியன் அங்கயே நின்னுடும். "சீர் செஞ்சாச்சு, அவங்களுக்கு எதுவும் வேணாம்"னு வாயால சொல்றது ஃபைல்ல ஏறாது, பங்க விட்டுக்குடுத்ததா பதிவு பண்ண விடுதலைப் பத்திரம் வேணும்.

என்ன பண்ணலாம்னா, மொதல்ல நெகட்டிவ்க்கு காரணம் என்னன்னு எழுத்துல கேளுங்க. பல எடத்துல காரணம் ஒரே ஒரு காகிதமா இருக்கும். முடிஞ்சா எல்லாப் புள்ளியும் சேந்து பாகப்பிரிவினைய பதிவு பண்ணுங்க, குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வையில சலுகை இருக்கு. வெளிநாட்டுல இருக்கறவங்க பவர் குடுத்தா அங்க இந்தியத் தூதரகத்துலயோ நோட்டரிகிட்டயோ அத்தாட்சி வாங்கி, இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரை வைக்கணும், அத விட்டுட்டுத்தான் நெறையப் பேரு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்க. இதுக்கெல்லாம் நேரமில்ல, பணம் இப்ப வேணும்னா பங்கு வீட்ட விட்டுட்டு தனி ஆளு பேருல இருக்கற சின்ன மனை, நகை இந்த மாதிரி வச்சுக் கேளுங்க. ஆச்சிகிட்ட நகை இருக்கும், கேக்கற விதமா கேட்டா குடுப்பாங்க.

வாசகர், கோட்டையூர்: வீட்டு லோன முழுசா அடைச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. மூலப்பத்திரம் கேட்டா "லீகல்ல இருக்கு"ன்னே சொல்லிட்டு இருக்காங்க.

"லீகல்ல இருக்கு"ன்னா பெரும்பாலும் எங்க இருக்குன்னு தெரியலன்னு அர்த்தம். பத்திரம் பிராஞ்சுல இருக்காது, எங்கயோ ஒரு ஸ்டோரேஜ் கம்பெனி குடோன்ல பெட்டில இருக்கும். ஆர்பிஐ 2023 செப்டம்பர்ல போட்ட உத்தரவு 2023 டிசம்பர் 1-ல இருந்து நடைமுறைல இருக்கு: கடன் முழுசா தீந்த 30 நாளைக்குள்ள அசல் பத்திரத்தத் திருப்பிக் குடுத்து, ரெஜிஸ்டர்ல ஏத்துன அடமானத்தையும் நீக்கணும், அவங்க தப்பால லேட்டானா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்குக் குடுக்கணும். தொலைஞ்சு போச்சுன்னா நகல் பத்திரம் எடுக்க அவங்க செலவுல உதவணும், அதுக்கு இன்னும் 30 நாள் கூடுதல் டயம் உண்டு.

பிராஞ்சு மேனேஜர்ட்ட இனிமே பேச்சு வார்த்தை வேணாம். லோன் நம்பர், அடைச்ச தேதி, நோ டியூ சர்டிஃபிகேட் நகல், "பத்திரம் திருப்பித் தர்ற ஆர்பிஐ விதிப்படி நாளுக்கு 5,000 கேக்குறேன்"னு ஒரு வரி, இவ்ளோதான் மெயில். குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்க. அந்த 5,000-ங்கற எண்ணப் பார்த்தா உள்ள இருக்கற லீகல் ஆளு ஒரு நாளைக்கு எவ்ளோ ஏறுதுன்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுவாரு, குடோனுக்கு போன் அவரே போடுவாரு. வில்லங்கத்துல அடமான நீக்கப் பதிவு ஏறிடுச்சான்னும் நீங்களே ஒரு தடவ போட்டுப் பாருங்க, பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்துல இத விட்டுட்டு அப்புறம் விக்கறப்ப அலையுறவங்க ஜாஸ்தி.

வாசகி, பள்ளத்தூர்: குழு லோன் எடுத்தேன். ஒரு தவணை கட்ட முடியல. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க, என் நாத்தனாருக்கெல்லாம் போன் போடுறாங்க. இதெல்லாம் கம்பெனி சொல்லித்தான் பண்றாங்களா?

சொல்லியும் இருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம், சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்ம்மா. ஏஜென்ட் பண்றதுக்கும் கம்பெனிதான் பொறுப்பு.

உங்க குழு லோன் மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் லோனுக்கு ஆர்பிஐ 2022-ல தனியா விதி போட்டுருக்கு, அது மத்த லோன விடக் கண்டிப்பு. காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் போடக்கூடாது (மத்த லோனுக்கு 8-ல இருந்து 7). வசூல் ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ண பொது எடத்துலதான் நடக்கணும், நீங்க அங்க தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வரலன்னாத்தான் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்துக்காரங்கள தொந்தரவு பண்ணவே கூடாது. இன்னொண்ணு, உங்க குடும்பத்து எல்லாக் கடன் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகாத மாதிரிதான் லோனே குடுத்திருக்கணும். ஏற்கனவே மூணு குழுவுல இருக்கறவங்களுக்கு நாலாவது லோன அள்ளிக் குடுத்தது யாருன்னும் கேக்கலாம்ல?

கம்பெனிக்குள்ள இதுல லீகல் டீம் எங்க வருதுன்னா, வசூல் ஏஜென்சியோட ஒப்பந்தத்துல இந்த விதியெல்லாம் ஷரத்தா போட்டு, மீறுனா காச நிறுத்துவோம்னு எழுதி வைக்கறது அவங்க வேலை. எழுதி வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் அந்த ஒப்பந்தத்த யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க, டார்கெட் முடிக்கறதுல இருப்பாங்க, ஒரு எழுத்துப் புகார் வர்ற வரைக்கும். அதனால வாசல்ல வந்து உக்காந்ததுக்கு தேதி, நேரம் எழுதி வைங்க, நாத்தனார் போன்ல கால் லிஸ்ட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, மிரட்டுனா ரெக்கார்ட் பண்ணுங்க. எழுத வராதுன்னா பள்ளிக்கூடம் படிக்கற புள்ளைய விட்டுத் தமிழ்லயே எழுதச் சொல்லுங்க, தமிழ்ல குடுத்த புகாரத் தள்ள முடியாது. அசிங்கமாப் பேசுனாலோ கை நீட்டுனாலோ அது ஆர்பிஐ விஷயம் இல்ல, போலீஸ் விஷயம்.

கடன் கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. தவணைய ஒத்தி வைக்கச் சொல்லி அதே கடிதாசில கேட்டுடுங்க.

வாசகர், தேவகோட்டை: வண்டி லோன் பாக்கி 1,80,000. மெட்ராஸ்ல இருந்து ஆர்பிட்ரேஷன்னு (கோர்ட்டுக்கு வெளில நடுவர் வச்சுத் தீர்க்கறது) நோட்டீஸ் வந்திருக்கு. அந்த ஆர்பிட்ரேட்டரக் கம்பெனியே போட்டுருக்கு. கிழிச்சுப் போட்டுடலாமா?

கிழிக்காதீங்க. நீங்க போகாட்டியும் அவரு தீர்ப்புச் சொல்லுவாரு, அந்தத் தீர்ப்ப கோர்ட்டு டிகிரி மாதிரி நிறைவேத்தலாம், ஒரு நாள் வண்டியோ சம்பளமோ அட்டாச் ஆகி நிக்கும்.

ஆனா உங்க சந்தேகம் சரியானது. தகராறுல சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு தன்னிச்சையா ஒத்தை ஆர்பிட்ரேட்டரப் போட முடியாதுன்னு 2019-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு, ஆர்பிட்ரேஷன் சட்டத்துல 2015 திருத்தத்துல வந்த 12(5) பிரிவு அதுக்கு அடிப்படை. அப்புறம் ஏன் இன்னும் நோட்டீஸ் வருதுன்னா, லீகல் டீம்ல எக்செல் ஷீட்டுல ஆயிரக்கணக்குல சின்ன லோன் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் சிவில் கேஸ் போட்டா கோர்ட்டு ஃபீஸே தாங்காது, பழைய ஃபார்மட்ட மாத்தாம மொத்தமா அடிச்சு விட்டுடுறது. நல்ல லீகல் டீம் இருக்கற கம்பெனில இத மாத்திட்டாங்க, ரெண்டு தரப்புக்கும் பொதுவான நிறுவனம் மூலமா ஆளப் போடுறாங்க.

நீங்க செய்ய வேண்டியது, ரிஜிஸ்டர் தபால்ல "இந்த நியமனத்துக்கு நான் சம்மதிக்கல, 12(5) படி செல்லாது"ன்னு ரெண்டு பேருக்கும் எழுதுறது. ஆட்சேபணை இல்லன்னு அவங்க நீட்டுற எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க, தகராறு வந்தப்புறம் எழுத்துல சம்மதிச்சாத்தான் அந்த உரிமை போகும். தீர்ப்பு வந்துருச்சுன்னா அது கைக்குக் கிடைச்ச தேதில இருந்து மூணு மாசத்துக்குள்ள அதே சட்டம் 34-ம் பிரிவுல ரத்து பண்ணச் சொல்லிப் போகணும், தக்க காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கோர்ட்டுக்கே அதிகாரம் இல்ல. இதோட சேத்து செட்டில்மென்ட்டும் பேசுங்க, வர்ற லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) வைக்கச் சொல்லுங்க. சின்னத் தொகைக்கு கம்பெனியும் அதத்தான் விரும்பும். அங்க முடிஞ்சா அப்பீல் கிடையாது, அதனால எத்தனை தவணை, எவ்ளோ, சிபில்ல என்னன்னு போடுவாங்கங்கறத கையெழுத்துக்கு முன்னாடியே எழுத வைங்க. "செட்டில்டு"ன்னு போட்டா அடுத்த லோனுக்கு அது தழும்புதான்.

வாசகர், ஆத்தங்குடி: டைல்ஸ் பட்டறை வச்சுருக்கேன். இஎம்ஐ ஆட்டோ டெபிட் திரும்பிடுச்சு. செக்கு குடுத்தாத்தானே கேஸு, இதுக்கும் வருமா?

வரும். செக்குக்கு 138-ம் பிரிவு மாதிரி, ஆட்டோ டெபிட்டுக்கு 2007-ம் வருஷத்து பேமென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்துல 25-ம் பிரிவு. திரும்பின தகவல் வந்த 30 நாளைக்குள்ள அவங்க நோட்டீஸ் அனுப்பணும், உங்களுக்கு 15 நாள் டயம், அதுக்குள்ள கட்டிட்டா கேஸு இல்ல. நோட்டீஸ் வாங்காம தபால்காரர திருப்பி அனுப்புற பழக்கம் நம்ம ஊருல இருக்கு, அதால ஒண்ணும் நடக்காது, சரியான விலாசத்துக்கு அனுப்பிட்டா வாங்குனதாத்தான் எடுத்துப்பாங்க.

வாசகர், புதுவயல்: தாத்தா காலத்துல இருந்து கொடுக்கல் வாங்கல் குடும்பம். இப்ப நாலு பேர் கூட்டா ஒரு ஃபைனான்ஸ் நடத்துறோம். மகன் "லீகலுக்கு ஒரு ஆளு வைக்கணும்"ங்கறான். புரோநோட்டு எழுதத் தெரிஞ்ச எங்களுக்கு எதுக்கு வக்கீலு?

அண்ணே, உங்க மகன் சொல்றது சரி, ஆனா முழுநேர ஆளு வேணாம், மாசத்துக்கு ஒரு தொகை பேசி ரிட்டெய்னரா ஒரு வக்கீல வைங்க.

மொத கேள்வி, நீங்க எந்தச் சட்டத்துக்குள்ள இருக்கீங்க? நகை மேல குடுத்தா 1943-ம் வருஷத்து அடகுக்கடைச் சட்ட லைசென்ஸ், சும்மா கடன் குடுத்தா 1957-ம் வருஷத்து தமிழ்நாடு வட்டிக்கடைச் சட்ட லைசென்ஸ். ஆர்பிஐல பதிவான என்பிஎஃப்சிக்கு (பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனி) மாநில வட்டிக்கடைச் சட்டம் பொருந்தாதுன்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னத யாராவது வாட்ஸப்ல அனுப்பியிருப்பாங்க, அது உங்களுக்கு இல்ல, நீங்க கூட்டு நிறுவனம். புதுசா என்பிஎஃப்சி எடுக்கணும்னா சொந்த நிதி 10 கோடி வேணும். அடுத்து, சொந்தக்காரங்க தவிர ஊருல நாலு பேர்ட்ட "ரெண்டு வட்டிக்கு வச்சுக்கோங்க"ன்னு டெபாசிட் வாங்கிக் கடன் குடுக்கறீங்கன்னா அத இன்னிக்கே நிறுத்துங்க, ஆர்பிஐ சட்டம் 45எஸ் தனிநபருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் அதத் தடை பண்ணிருக்கு, 2019-ல வந்த டெபாசிட் தடைச் சட்டம் இன்னும் கடுமை. வட்டி வீதமும் பாருங்க, 2003-ம் வருஷத்து கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்தையும் பேரு சொல்லியே போட்டுருக்கு.

புரோநோட்டு எழுதத் தெரியும்ங்கறீங்க, நம்பறேன். மூணு வருஷக் கெடு தாண்டறதுக்கு முன்னாடி வரவு வச்சு கடன்காரர்ட்ட கையெழுத்து வாங்காம எத்தனை நோட்டு பீரோல காலாவதி ஆகிக் கெடக்குதுன்னு எண்ணிப் பாருங்க. வக்கீலுக்குக் குடுக்கற ரிட்டெய்னர் அதுலயே வந்துடும்.

நம்ம செட்டிநாட்டு ஆளுங்க காகிதத்துல கில்லாடிங்கதான், அதுல சந்தேகமில்ல. பேரேடு, ஐந்தொகைன்னு ரங்கூன்ல இருந்து பினாங்கு வரைக்கும் கணக்கு வச்சவங்க. 1937-ல ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்) ஆரம்பிச்சப்ப காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணுலயும் ஒரே நாள்ல கதவத் தொறந்தாங்க. ஆனா அவங்க கடன் குடுத்த பர்மாவ யோசிங்க. 1930 வாக்குல கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல நூத்துக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கைல, நெல் விலை விழுந்து கடன் வாராம அடமானம் மூழ்கி மூழ்கி 1938-ல கால்வாசி ஆயிருச்சு. அவங்க கேட்டது காசு, வந்தது நிலம். பத்திரம் எல்லாம் பக்கா. அப்புறம் யுத்தம், சுதந்திரம், 1948-ல நில தேசியமயச் சட்டம்னு வந்து போச்சு. பத்திரம் சரியா இருக்கான்னு பாக்கறது பாதி வேலை, இந்த ஊருல இந்த அரசாங்கத்துல இத நிறைவேத்த முடியுமான்னு கேக்கறது மீதி. அந்த மீதிக்குத்தான் சம்பளம் வாங்குற ஆளு வேணும்ங்கறேன்.

வாசகி, குன்றக்குடி: ஏதோ ஆப்ல 8,000 ரூபா வாங்குனான் என் தம்பி. போன்ல இருக்கற எல்லா நம்பரையும் எடுத்துட்டாங்க.

ஆர்பிஐ விதிப்படி லோன் ஆப் போன் காண்டாக்ட், ஃபோட்டோ, கால் லிஸ்ட் எதையும் தொடவே கூடாது, பணமும் கடன் வாங்குனவர் அக்கவுன்ட்டுக்குத்தான் நேரா வரணும். இத மீறுற ஆப்புக்குப் பின்னாடி பெரும்பாலும் பதிவான கம்பெனியே இருக்காது, அதனால லீகல் டீமும் இருக்காது, எழுதிப் போட ஆளில்ல. 1930-க்கு போன் போட்டு சைபர் கிரைம்ல குடுங்க. பதிவான கம்பெனி பேரு அதுல இருந்தா அந்தக் கம்பெனிக்கு எழுதுங்க, ஆப்பு பண்ணதுக்கு அவங்கதான் பொறுப்பு.

வாசகர், செட்டிநாடு: "லீகல் சார்ஜ்"னு தனியா வாங்கினாங்க. அப்ப அந்த வக்கீல் என் வக்கீல்தானே? அவர்ட்ட நேரா பேசலாமா?

காசு உங்களது, வக்கீல் அவங்களது. ஒப்பீனியன் அவங்களுக்காக எழுதுனது, சொத்துல வில்லங்கம் இல்லன்னு உங்களுக்கு அவரு உத்தரவாதம் குடுக்கல, வீடு வாங்குறீங்கன்னா சொந்தமா ஒரு வக்கீல வச்சுப் பாருங்க. ஆனா வெளி வக்கீலுக்குன்னு உங்ககிட்ட வாங்குன தொகை கேஎஃப்எஸ்ல ஏபிஆர் கணக்குக்குள்ள வந்திருக்கணும், அதுக்கு ரசீதும் குடுக்கணும். கேளுங்க.

நேரா பேசுனா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சொல்லவும் கூடாது. புகார் எப்பவும் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு, எழுத்துல. 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் திருப்தி இல்லன்னாலோ ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன்ட்ட (குறை கேக்கற அதிகாரி) ஆர்பிஐயோட சிஎம்எஸ்ங்கற புகார் போர்ட்டல்ல போடலாம், 14448-ல கேக்கலாம், செலவு இல்ல. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனின்னா அங்க போகாது, நேஷனல் ஹவுசிங் பேங்க்குக்குப் போகணும். இதே விஷயமா ஏற்கனவே நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டுருந்தா ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்க மாட்டாரு, அதனால எது மொதல்லன்னு யோசிச்சுட்டுப் போடுங்க.